காலை ஆறு மணி வரைக்கும் நேற்று

12-6-2023. கைபேசி. ரூ. 12,499
12-6-2023. அதற்கு உறை. ரூ. 150
19-6-2023. ரீசார்ஜ். ரூ. 719
3-9-2023. வரன் தேடும் இணையதளம், ஆறு மாதம். ரூ. 3,900
4-3-2024. அதே தளம், 'தங்க' உறுப்பினர். ரூ. 5,200
9-9-2024. அதே தளம், 'வைர' உறுப்பினர். ரூ. 7,800
9-3-2025. புகைப்படம், தஞ்சாவூர் ஸ்டூடியோ. ரூ. 1,500
10-3-2025. 'வைர' உறுப்பினர், மறுபடியும். ரூ. 7,800
11-9-2025. தபால் உறை, ஒன்று. ரூ. 5
ஆக மொத்தம் ரூ. 39,573.

மகள் ஜெயபாரதிக்கு மாப்பிள்ளை தேடிய வகையில் துரைராசு செலவழித்த தொகை இது. முதல் ரீசார்ஜுக்குப் பிறகு போட்டவற்றை இதில் சேர்க்கவில்லை. அவற்றில் பெரும்பகுதி தன் சொந்த வேடிக்கைக்குப் போனது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார்.

துரைராசு, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாற்று மதகு ஒன்றில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நீர்மட்டம் எழுதியவர். மதகுச் சுவரில் ஓர் அளவுகோல் பதித்திருக்கும். தண்ணீர் அதில் எங்கே நிற்கிறது என்று மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. தண்ணீரைத் திறப்பவர் வேறு, மூடுபவர் வேறு, அதற்காகச் சண்டை போடுகிறவர்கள் வேறு. துரைராசு எழுதுபவர். மேட்டூரை மூடியபிறகு ஆறு வெறும் மணலாகக் கிடக்கும், ஆடு மேயும். அப்போதும் நேரம் தவறாமல் போய், ஆடுகளை விலக்கி, அளவுகோலைப் பார்த்துப் பூஜ்ஜியம் என்று எழுதுவார். இதைப் பார்க்காமலே எழுதலாமே என்று ஒரு பொறியாளர் கேட்டபோது, பார்க்காமல் எழுதினால் அது பூஜ்ஜியம் ஆகாது, பொய் ஆகும் என்று பதில் சொன்னதை இன்றும் பெருமையாகச் சொல்வார். பொறியாளர் சிரித்துக்கொண்டே போனதை மட்டும் சொல்ல மாட்டார்.

அந்தப் பதிவேட்டுக்கு ஒரு விதி உண்டு. ஒரு பக்கம் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். இரவு பன்னிரண்டு ஆனாலும் மூன்று ஆனாலும் அதே பக்கம், அதே தேதி. மறுநாள் ஆறு அடித்த பிறகுதான் பக்கத்தைப் புரட்டலாம். ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகியும் துரைராசுவின் தலைக்குள் பக்கம் ஆறு மணிக்குத்தான் புரள்கிறது. கைபேசி வாங்கிய புதிதில், சென்னைக்கு நள்ளிரவு தாண்டிப் புறப்படும் ரயிலில் தானே முன்பதிவு செய்தார். பதினான்காம் தேதி, இரவு பன்னிரண்டு இருபது. பதினான்காம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, பையும் கையுமாகத் தஞ்சாவூர் நிலையத்தில் போய் நின்றார். ரயில் முந்தின இரவே போய்விட்டிருந்தது. பரிசோதகர் பொறுமையாக விளக்கியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, இணையம் நம்பத்தக்கதல்ல என்ற முடிவோடு வீடு திரும்பினார்.

முடிவு செய்தாரே ஒழிய, விடவில்லை. மின்கட்டணம் கட்ட வரிசை இல்லை. சிட்டா எடுக்கத் தாலுகா அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை. மேட்டூரில் எத்தனை அடி என்பது விடிந்ததும் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. தன் வேலையை ஒரு கண்ணாடித் துண்டு செய்வதில் அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் குறுவையில் இலை பழுத்தபோது அதே கண்ணாடித் துண்டில் மூன்று வீடியோ பார்த்து, மூன்றில் சொன்ன மருந்தையும் ஒரே வாரத்தில் அடித்தவரும் அவர்தான். நோய் போனது. பயிரும் துணைக்குப் போனது.

வரன் தேடும் தளத்துக்குள் அவர் நம்பிக்கையோடுதான் நுழைந்தார். சொந்தக்காரர்கள் கொண்டுவரும் வரன்களில் முதல் கேள்வி சாதி, அடுத்தது ஜாதகம். துரைராசு சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். அவர் வீட்டுக்குள் பஞ்சாங்கம் நுழைந்ததில்லை. யந்திரத்துக்கு இந்த அழுக்கெல்லாம் இருக்காது என்று நினைத்தார். சாதி என்ற கட்டத்தில் 'தடையில்லை' என்று போட்டார், முனகாமல் ஏற்றுக்கொண்டது. அந்த உற்சாகத்தில் போனவரை அடுத்த கட்டம் மறித்தது. நட்சத்திரம். அதைக் காலியாக விட்டார். நட்சத்திரக் குறியிட்ட இடங்களைக் கட்டாயம் நிரப்பவும் என்று தளம் சிவப்பு எழுத்தில் சொன்னது. பார்த்தால், நட்சத்திரம் என்ற சொல்லின் தலையிலேயே ஒரு சிவப்பு நட்சத்திரம் உட்கார்ந்திருந்தது. பலமுறை அழுத்திப் பார்த்தார். நகர மறுத்தது.

கீழே ஒரு பொத்தான் இருந்தது. நட்சத்திரம் தெரியாதா, பிறந்த தேதியும் நேரமும் ஊரும் தாருங்கள் என்றது. தேதியும் நேரமும் கேட்டுவிட்டால் துரைராசுவால் சும்மா இருக்க முடியாது. குடிகாரனிடம் கிளாசை நீட்டுவது மாதிரி. 25-2-1994, மூன்று பத்து, நீடாமங்கலம் என்று அடித்தார். கண் சிமிட்டுவதற்குள் பதில் வந்தது: ஆயில்யம். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலே போனார். மனைவி பூவம்மாளிடம் இதைச் சொல்லவில்லை. ஊரெல்லாம் ஜாதகத்தை எதிர்த்துப் பேசியவர் ஒரு பொத்தானில் கவிழ்ந்தார் என்று எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு தளம் அவரோடு தினமும் பேசியது. இன்று உங்கள் மகளைப் பதினேழு பேர் பார்த்தார்கள். இன்று இருபத்திரண்டு பேர். பார்த்தவர்கள் பார்த்ததோடு சரி, ஒருவரும் கூப்பிடவில்லை. துரைராசு காரணம் தேடினார். டவர் கிடைக்கவில்லை என்று நினைத்து மொட்டைமாடிக்கு ஏறினார். காசு போதவில்லை என்று நினைத்துத் தங்கமானார், பிறகு வைரமானார். கடைசியில் பழியைப் புகைப்படத்தின் மேல் போட்டு, ஜெயபாரதியைத் தஞ்சாவூர் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய், துணியில் வரைந்த ரோஜாத் தோட்டத்துக்கு முன்னால் நிறுத்தினார். ஜெயபாரதி மன்னார்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், அதிகம் பேசாதவள். பேருந்தில் திரும்பும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்.

"மாடுகூட சந்தையில ஒரு நாளுதான் நிக்கும்ப்பா. நான் ஒன்றர வருஷமா நிக்கிறேன்."

துரைராசு எதையும் குறித்துக்கொள்ளும் மனிதர். அதை அவர் குறித்துக்கொள்ளவில்லை.

2025 ஜூன் மாதம் சீர்காழியிலிருந்து சூர்யபிரகாஷ் என்பவர் செய்தி அனுப்பினார். அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். நட்சத்திரக் கட்டத்தைப் படிக்காமலே அனுப்பிவிட்டார் என்பது பின்னால் தெரிந்தது. அவரும் ஜெயபாரதியும் மயிலாடுதுறையில் ஓர் ஓட்டலில் சந்தித்துப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று மகள் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கும் சேர்த்து ரீசார்ஜ் போடுபவர் துரைராசு. அதுவரை தினமும் பாதிக்கு மேல் மிஞ்சிக் கிடந்த அவளுடைய டேட்டா, இப்போது பொழுது சாய்வதற்குள் அடிமட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நீர்மட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. தளத்துக்குக் கட்டிய பணம் முழுவதையும் அந்த வாரம் அவர் மன்னித்தார்.

ஆகஸ்ட் 21ஆம் தேதி தபாலில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சூர்யபிரகாஷின் தாயார் தங்கம்மாள். கிராமத்துக் கிளை அஞ்சலகம் ஒன்றைத் தனியாளாக நடத்தி ஓய்வு பெற்றவர். சரி என்பதைப் போனில் சொல்லிவிடலாம், இல்லை என்பதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தொடங்கியிருந்தார். உங்கள் பெண்ணைப் பற்றிய விவரத்தை நேற்றுதான் முழுதாகப் படித்தேன். ஆயில்யம் என்று இருக்கிறது. ஆயில்யத்தில் பிறந்தவள் மருமகளாக வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். எனக்கு உயிர்மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தலைவலிக்கும் நான் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அது அவளுக்கு நியாயமில்லை. மன்னித்துவிடுங்கள்.

மூடநம்பிக்கை பற்றி ஒலிபெருக்கி இல்லாமலே ஒரு மணி நேரம் பேசக்கூடிய துரைராசுவுக்கு, இந்தக் கடிதத்தை எதிர்த்து ஒரு வரி கிடைக்கவில்லை. ஜெயபாரதி அதைப் படித்து, பழைய மடிப்பிலேயே மடித்துக் கொடுத்தாள். தன் அம்மா மனதை நோகடித்துவிட்டு சூர்யபிரகாஷ் வர மாட்டார், தானும் வரச் சொல்ல மாட்டேன் என்றாள்.

"தளத்துலேருந்து என் பேர எடுத்துடுங்கப்பா. இனிமே யாரும் வேணாம்."

அன்று சாயங்காலம் துரைராசு கைபேசியில் ஆயில்யம் என்று ஒரே ஒரு தடவை தேடினார். கைபேசி அதை மனதில் வைத்துக்கொண்டது. மறுநாளிலிருந்து அவரைத் தேடி ஜோதிடர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் மரகதக் கல் விற்றார். ஒருவர் பரிகாரத்துக்கு மாதத் தவணை உண்டு என்றார். எதை அழுத்தினால் இவர்கள் போவார்கள் என்று தெரியாமல் அவர் அழுத்திய ஒவ்வொன்றும் இன்னும் நாலு பேரைக் கூட்டி வந்தது. டீக்கடையில், நாற்பது வருடத் தோழர் கோவிந்தராசுவிடம், அந்தத் தோழரே பேசிய பகுத்தறிவுக் கூட்டத்தின் வீடியோவையே காட்டப் போனார். முதலில் விளம்பரம் பாடியது: ஆயில்ய நட்சத்திர அன்பர்களே, மாமியாரால் தொல்லையா? கடையே திரும்பிப் பார்த்தது. கோவிந்தராசு டீயை ஊதிக்கொண்டே கேட்டார்.

"ஏன் தோழர், உங்க மாமியார் போய்ச் சேந்து இருவது வருஷம் ஆச்சே. இன்னுமா தொல்ல பண்றாங்க?"

வீட்டிலும் அந்தக் குரல் பூவம்மாள் காதில் விழுந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, யாருக்கு ஆயில்யம் என்று கேட்டாள். துரைராசு சிவப்பு நட்சத்திரத்திலிருந்து தங்கம்மாள் கடிதத்தில் இருந்த காரணம் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். கடிதம் வந்தது அவளுக்குத் தெரியும். காரணம் என்ன என்பதை அப்பாவும் மகளும் அவளிடம் மறைத்திருந்தார்கள்.

"அவ மகம்ங்க. மாசிமகத்து ராத்திரி பொறந்தவளுக்கு ஆயில்யம் எங்கேருந்து வரும்? கும்மோணம் போன கூட்டம் திரும்பிகிட்டு இருந்துச்சு. ஒரு வண்டி கெடைக்காம நர்சம்மாவ சைக்கிள்ல வச்சுக் கூட்டியாந்தீங்க. மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. மாசிமகம் என்பதை ஒரு பொருட்டாக எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான். சரி, நட்சத்திரம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வருடா வருடம் கோயிலில் மகள் பேருக்கு அர்ச்சனை செய்யும்போது வேறு எதைச் சொல்வதாம் என்று பூவம்மாள் திருப்பிக் கேட்டாள். முப்பத்தோரு வருடமாக இந்த வீட்டில் அர்ச்சனை நடந்திருக்கிறது, ஆற்றில் அரை அங்குலம் ஏறினாலும் கண்டுபிடிக்கும் அவருக்கு அது தெரியவில்லை.

"அன்னிக்கி விடிஞ்சும் விடியாம என்னப் பச்ச ஒடம்போட போட்டுட்டு மதகுக்கு ஓடுனீங்களே. ஆத்துல சொட்டுத் தண்ணி இல்ல. சைபர் எழுத."

இதற்குப் பதில் சொல்வதைவிட யந்திரத்தோடு சண்டை போடுவது சுலபம் என்று துரைராசுவுக்குத் தோன்றியது. அந்த வருடம் மாசிமகம் பிப்ரவரி 25. அவர் கொடுத்த தேதியும் 25. ஆக, தப்பு யந்திரத்தினுடையது. வைர உறுப்பினருக்கென்று இருந்த எண்ணைக் கூப்பிட்டார். எடுத்த பெண் தன் பெயர் சபிஹா என்றாள். அதிராம்பட்டினத்தில் வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறவள். அவர் சொன்னதைக் கேட்டு, தட்டிப் பார்த்தாள்.

"சார், மகம் இருவத்தஞ்சாந் தேதி காலையிலதான் ஆரம்பிக்குது. நீங்க குடுத்திருக்கிறது அன்னிக்கி விடியக்காலம் மூணு பத்து. அப்ப ஆயில்யம்தான் சார்."

"விடியக்காலம் இல்லம்மா. இருவத்தஞ்சாந் தேதி ராத்திரி மூணு பத்து."

"அப்படின்னா இருவத்தாறு ஆயிடுமே சார்?"

"அது எப்படி ஆகும்? காலையில ஆறு மணிக்குத்தானே தேதி மாறும்?"



"யாருக்கு சார்?"

முப்பத்து மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியைத் துரைராசுவிடம் ஒருவரும் கேட்டதில்லை. சபிஹா சிரிக்கவில்லை. அவரைத் தேற்றுகிறவள் போலச் சொன்னாள்.

"எங்க வீட்டுல பொழுது சாஞ்சு மஃரிபு தொழுகைக்கு பாங்கு சொன்னாலே அடுத்த நாளு சார். அதுக்காக ஃபாரத்துல அப்படிப் போட முடியுமா? ஃபாரத்துக்குப் பன்னெண்டு மணிதான்."

சரி, தேதியைத் திருத்திவிடம்மா என்றார். பிறப்புச் சான்றிதழ் அனுப்பச் சொன்னாள். அதில் 25. பள்ளிச் சான்றிதழில் 25. ஆதாரில் 25. எல்லா ஆவணங்களும் ஒரே குரலில் துரைராசுவுக்கு எதிராகச் சாட்சி சொல்லின. எல்லாவற்றுக்கும் தகவல் கொடுத்தவர் துரைராசு. சான்று இல்லாமல் தளத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வழியில்லை என்று சபிஹா வருத்தப்பட்டாள். தன் வாழ்நாளெல்லாம் அவர் பிறரிடம் சொல்லிவந்த வாசகம் அது.

மகளிடம் சொல்லத்தான் அவருக்கு மிகவும் சிரமமாக இருந்தது. ஜெயபாரதி முழுவதையும் கேட்டாள்.

"நட்சத்திரத்த விடுங்கப்பா. அது எனக்கு வேணாம். பொறந்தநாளக்கூடவா? முப்பத்தோரு வருஷமா பொறக்கறதுக்கு முன்னாடியே கேக் வெட்டியிருக்கேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கடிதம் வந்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு சிரிப்பு நின்றது. இது அங்கே தெரிந்தால் நல்லது, ஆனால் தன் வாயால் சொன்னால் மாப்பிள்ளைக்காகத் தேதியை மாற்றுகிறாள் என்றுதான் நினைப்பார்கள் என்றாள். அப்படியானால் சொல்ல வேண்டியவர் யார் என்பது துரைராசுவுக்குத் தெரிந்தது.

வாட்ஸாப்பில் அனுப்ப நினைத்தார். இல்லை என்பதை எழுதிச் சொன்னவருக்குப் பதிலும் எழுத்தில் போவதுதான் முறை என்று பட்டது. மூன்று தடவை எழுதிக் கிழித்தார். முதலாவதில் மூடநம்பிக்கையைக் கண்டித்திருந்தார். இரண்டாவதில் மதகின் அமைப்பை விளக்கப் போய், கடிதம் முடிகிறவரை குழந்தை பிறக்கவே இல்லை. மூன்றாவதில் தன்னைப் பற்றி ஒரு பக்கம் நல்லதாகச் சொல்லியிருந்தார். நான்காவது சிறியது. எனக்கு நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை, மகம் நல்லது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை, தவறான தேதியால் நீங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறீர்கள், தேதி தவறியது என்னால். காலை ஆறு மணி வரைக்கும் முதல் நாள் என்று எழுதிப் பழகிய கை, பெற்ற மகளையும் அப்படியே எழுதிவிட்டது. சான்றிதழ் எதுவும் என்னிடம் இல்லை, இருப்பவை எல்லாம் பொய். அன்று மாசிமகம் என்பதற்கு என் மனைவி சாட்சி.

உறையில் போட்டு அனுப்பியபிறகுதான் கடிதத்தின் குறை அவருக்குத் தெரிந்தது. போய்ச் சேர்ந்ததா, படித்தார்களா என்று காட்ட நீலக் குறி இல்லை. கைபேசி கெடுத்த கெடுதலில் இதுதான் பெரிது என்று நினைத்தார். முன்பெல்லாம் பதில் வரும்வரை மனிதன் வேறு வேலை பார்த்தான். இப்போது தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் வாசலில் நின்றார், வராத நேரத்திலும் நின்றார். மகளின் டேட்டா தினமும் மிஞ்சிக்கொண்டே இருந்தது. அதைப் பார்ப்பதை நிறுத்திவிடலாம் என்று தீர்மானித்துவிட்டு, தினமும் பார்த்தார்.

பதில் வந்தது. தங்கம்மாள் அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்துப் பார்த்ததாகவும், இருபத்தாறாம் தேதி அதிகாலை மகம்தான் என்றும் எழுதியிருந்தார். ஆனால் பஞ்சாங்கத்தைத் திறப்பதற்கு முன்பே உங்கள் பேச்சை நம்பிவிட்டேன். தினமும் காலையில் அஞ்சலகக் கதவைத் திறந்ததும் முத்திரையில் தேதி மாற்றுவதுதான் என் முதல் வேலையாக இருந்தது. நான் மாற்றும்வரை எங்கள் ஊரில் நேற்றுதான். இது தெரிந்த இன்னொரு ஆள் இருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது.

கல்யாணத்தைக் கார்த்திகையில் வைத்துக்கொள்ளலாம். புரோகிதர் வேண்டாம் என்பது உங்கள் விருப்பம், அப்படியே ஆகட்டும். நேரம் மட்டும் என் விருப்பம். நவம்பர் 27, வியாழக்கிழமை, விடியற்காலம் நாலரை மணி. உங்கள் கணக்கில் அது புதன்கிழமை. ஆகவே அழைப்பிதழ் அச்சடிக்கும் பொறுப்பை எங்களிடம் விட்டுவிடுங்கள்.

ஜெயபாரதி இந்த இடத்தை இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். மூன்றாவது தடவை சூர்யபிரகாஷுக்குப் போன் போட்டுப் படித்தாள். அன்று மத்தியானமே அவளுடைய டேட்டா தீர்ந்துபோனது.

அத்தனை செலவில் பலன் தந்தது கடைசி ஐந்து ரூபாய்தான் என்பது பூவம்மாள் கட்சி. மற்றதெல்லாம் இல்லாவிட்டால் அந்த ஐந்து ரூபாய் உறையில் எழுத ஒரு விலாசம் கிடைத்திருக்காது என்பது மகள் கட்சி. துரைராசு இரண்டு கட்சியிலும் சேரவில்லை. கைபேசியில் இன்னும் அவரை விடாமல் துரத்தும் மரகதக் கல்காரரைத் தள்ளிவிட்டு, நாட்காட்டியைத் திறந்து, கடிதம் எப்போது கைக்கு வந்தது என்று குறித்துக்கொண்டார். பகல் பதினொன்றே முக்கால். ஆறு மணி கணக்கிலும், பன்னிரண்டு மணி கணக்கிலும், சபிஹா வீட்டுக் கணக்கிலும் ஒரே தேதி.

24-9-2025, புதன்கிழமை.